மல்லாட்டைக்கு ஆபரேஷன்

கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் அம்மணியின் இட்லிக் கடை இருந்தது. பக்கத்தில் என் பூக்கடை. இப்போது அவள் வானூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. காலையில் அந்தப் பக்கம் திரும்பினால் எனக்கு இன்னும் இட்லி வேகிற வாசனை வருகிறது. அதெப்படி வரும் என்று கேட்கிறாள், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி அஸ்வினி. வருகிறது, எழுது என்றேன்.

அம்மணியின் புருஷன் செத்த வருஷம், மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த வண்டியிலிருந்து ஒரு பெட்டை நாய்க்குட்டி குதித்துக் கடைக்குள் ஓடியது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். குட்டி அந்தத் தோல் நிறம். அதையே பேராக வைத்துவிட்டாள். "ஏ மல்லாட்டே" என்று அவள் கூப்பிட்டால் பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள், "படி இன்னா வெலம்மா?" என்று வந்து நிற்பார்கள்.

"நாலு காலு, ஒரு வாலு. விக்கறதுக்கு இல்ல" என்பாள் அம்மணி.

அது முதல் ஈத்தில் ஐந்து குட்டி போட்டது. அடுத்ததில் ஆறு. நடக்கத் தெரிந்ததும் எல்லாம் ரோட்டுக்குப் போய்விடும். லாரி நிற்குமா? ஒவ்வொன்றையும் துணியில் சுற்றிக் கடைக்குப் பின்னால் புதைத்தாள். அன்றைக்கெல்லாம் அவள் சட்னியில் உப்பு இருக்காது.

"இன்னொரு தபா என்னால ஆவாதுக்கா. ஆபரேஷன் பண்ணிடப் போறேன்" என்றாள்.

"வாயில்லாத ஜீவனப் போயி அறுக்கறதா? செத்துகித்துப் போச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் அவள் வீட்டில் அந்த நாயை விட்டால் வேறு யார் இருந்தார்கள்? முகம் சுருங்கிப்போனது. ஆனாலும், "எனக்கும்தான் ரெண்டாவது புள்ளைக்கு அப்புறம் பண்ணாங்க. நான் செத்தா போயிட்டேன்?" என்றாள்.

திண்டிவனத்தில் கலைப்பிரியா என்ற டாக்டரம்மாவிடம் போனோம். சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். ஒரு ஈத்தாவது போட்டால்தான் நாய்க்கு நல்லது என்பதெல்லாம் சும்மா பேச்சாம். ஆண் நாய்கள் சுற்றுகிற நாட்களில் அறுத்தால் ரத்தம் அதிகம் போகுமாம், இப்போது பண்ணலாமாம். "முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல சாப்பிட எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணி வைக்கலாம்" என்றாள்.

அந்த நாள் விடிந்தது. அம்மணி ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். நாய் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து முனகியது. எங்கள் பக்கத்தில் சாப்பாடு என்றால் சோறு. கேப்பைக் கூழைக் குடிக்கத்தான் செய்வோம். அதை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்? ஒரு சொம்பு ஊற்றினேன்.

டாக்டரம்மா மயக்க ஊசியை எடுத்துக்கொண்டே, "காலைல எதுவும் சாப்பிடலையே?" என்று கேட்டாள்.

"ஒரு பருக்கை குடுக்கல மேடம்" என்றாள் அம்மணி.

நான் பெருமையாக, "கூழுதான் ஒரு சொம்பு குடிச்சுக்கினு வந்துச்சு. தெம்பா கீது" என்றேன்.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "பாட்டி, மயக்கத்துல அது வாந்தியா வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா நாயே போயிருக்கும்."

"கூழு சாப்பாடு இல்லியேம்மா."

"அது வயித்துக்குத் தெரியுமா?"

நாலு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த நாலு நாளும் அம்மணி என்னோடு பேசவில்லை. பூ வாங்கக்கூட எதிர்க் கடைக்குப் போனாள். எனக்கும் ரோஷம் இருந்தது. ஆனாலும் ஐந்தாம் நாள் அவள் கூப்பிடாமலே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். அவள் திண்டிவனம் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாயை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பெஞ்சில் அந்தக் கோடிக்கு அவள், இந்தக் கோடிக்கு நான். கொஞ்ச நேரத்தில் நகர்ந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"எதனா பேசுக்கா. பேஜாரா கீது."

நான் கனகாம்பரம் விலையைப் பேசினேன். மயிலம் தேரைப் பேசினேன். என்னென்னமோ பேசினேன். கடைசியில் கதவு திறந்தது. "கண்ணு முழிச்சிடுச்சும்மா" என்றாள் டாக்டரம்மா. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

பத்து நாள் தையலில் தண்ணீர் படக் கூடாது, நக்க விடக் கூடாது, ஓட விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மணி தன் பழைய ரவிக்கையை வெட்டி, நாயின் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பச்சை ரவிக்கை போட்டுக் கடை வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்தார் லாரி டிரைவர் நடராசன். "இன்னாக்கா, பொண்ணுக்குச் சடங்கா?" என்றார்.

"சடங்கு இல்லப்பா. இனிமே இவளுக்குப் பேறுகாலமே கெடையாது. ஒம் பொண்டாட்டியவிட எம் பொண்ணு நிம்மதியா இருப்பா" என்றாள் அம்மணி.

நடராசனுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அம்மணி இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குச் சட்னி நன்றாக இருந்தது.