ரேமுக்குத் திருநீறு பூசிய இசக்கிமுத்து

இசக்கிமுத்து போய்விட்டானாம்.

தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். நேற்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்று பக்கத்து டீக்கடைக்காரர் ஃபோனில் சொன்னார்.

சாகிற வயசா அது.

என் மகள் தோஹாவில் இருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் அவள் கல்யாணத்தோடு பேச்சு நின்றுபோனது. யார் மேல் தப்பு என்று இங்கே எழுதமாட்டேன்... எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

பல வருஷம் கழித்து அவளே வீடியோவில் வருகிறேன் என்று மெசேஜ் போட்டாள். ஃபோனில் முகம் தெரியாது, என் கண் அப்படி. குற்றாலத்தில் எங்கள் வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றால், அது ஆமை.

“இன்னொரு ரேம் போட்டா ஓடும் ஆச்சி” என்றான் இசக்கிமுத்து. விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, கம்ப்யூட்டருக்கு அதுதான் ஞாபக சக்தியாம். அதை உள்ளே வைப்பதற்கு முன்னால், சட்டைப்பையிலிருந்து காசி விசுவநாதர் கோயில் திருநீற்றை எடுத்து அதன் மேல் மூன்று கோடு இழுத்தான்.

“எதுக்குலே?”

“புதுச் சாமான் வெறும் நெத்தியோட உள்ள போகலாமா ஆச்சி? எங்கடையில எல்லாத்துக்கும் உண்டும்லா.”

நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் சாரல் பிடித்தது.

மகள் கூப்பிட்ட அன்றைக்கு முகம் வந்தது. “எம்மா” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் ஸ்கிரீன் நீலமாகிவிட்டது. தானே அணைந்தது, தானே எழுந்தது. மறுபடி கூப்பிட்டாள்... மறுபடி நீலம்.

பிறகு ஒரு மெசேஜ். “பேசப் பிடிக்கலன்னா சொல்லிருக்கலாம்லாம்மா. மூஞ்சியப் பாத்ததும் கட் பண்ணணுமா?”

அதோடு என் ஃபோனை அவள் எடுக்கவே இல்லை.

இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு நான் கத்திய கத்து ஐந்தருவி வரைக்கும் கேட்டிருக்கும். சாரலோடு சாரலாக ஸ்கூட்டரில் வந்தான்.

புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்தான், ஓடியது. புதுசை மட்டும் வைத்தான், நீலம். இடம் மாற்றிச் செருகினான். அப்போதும் நீலம்.

“புதுசுலதான் கோளாறு. அனுப்பி மாத்தணும். நாளாகும் ஆச்சி.”

“அதுவரைக்கும் எம்மக, அவ மூஞ்சில நான் அடிச்சதாவே நெனச்சிட்டு இருப்பாளோ? ஏலே, வெயில் நாள்ல இது இங்கன ஓடுச்சுல்லா. சாரலுக்குப் பொறவுதான் இந்தச் சீக்கு. நீ பூசின திருநீறு எங்க போச்சு?”

அவன் அந்தப் பட்டையைக் கழற்றினான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பட்டையின் அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை மாதிரி இருக்கும், மிஷினைக் கவ்வுவது அதுதான். அதில் திருநீறு உதிர்ந்து, ஈரம் குடித்துப் பிசுக்காக அப்பியிருந்தது.

ரப்பரை வைத்துத் தேய்த்தான். செருகும் இடத்தைப் பிரஷ்ஷால் தட்டினான்.

“விசுவநாதரே கவுத்துட்டாரே ஆச்சி.”

“அவரு தலையில போடாத. பூசினது நீ.”

மாட்டினான். ஓடியது... ஆனால் அவள் எடுக்க வேண்டுமே. தன் நம்பரிலிருந்து அவனே கூப்பிட்டான்.

“அக்கா, நான் கம்ப்யூட்டர்காரன் பேசுதேன். ஒங்கம்மா கட் பண்ணல. நான் பூசின திருநீறுதான் கட் பண்ணிட்டுது.”

அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ.

“சத்தியமாக்கா. காலையிலேருந்து பட்டுச்சேலையக் கட்டிட்டு மிஷினு முன்னாலயே உக்காந்திருக்காவ. சாப்பிடக்கூட இல்ல.”

அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. நான் எந்தச் சேலை கட்டினால் அவனுக்கென்ன.

ஆனால் முகம் வந்தது. பெரிதாக. நெற்றி ஓரத்தில் நரை... என் மகளுக்கு நரை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேசி முடித்து வாசலுக்கு வந்தால் ஸ்கூட்டரைக் காணோம். ஒரு வாய் காப்பிகூடக் கேட்காமல் போய்விட்டான்.

அப்புறம் எப்போது வந்தாலும் கம்ப்யூட்டர் மூடியின் வெளிப்பக்கத்தில்தான் பூசுவான். “உள்ள வேண்டாம்லா ஆச்சி?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

இன்று காலையில் மகளிடம் சொன்னேன். சத்தமே இல்லை. மிஷின்தான் நின்றுவிட்டதோ என்று கிட்டப்போய்ப் பார்த்தேன்... அழுதுகொண்டிருந்தாள்.

“எம்மா, அவர நான் நேர்ல பாத்ததே இல்ல. நீ போயி அவர் வீட்டம்மா கையப் பிடிச்சுக்கோ. எனக்கும் சேத்து.”

தென்காசிக்குக் கிளம்பிவிட்டேன் இசக்கிமுத்து. எத்தனையோ தடவை நீ என் வீட்டுக்கு வந்தாய், உன் வீட்டுக்கு நான் வருவது இதுதான் முதல் தடவை.

நல்லபடியாப் போய்ச் சேருப்பா...