சொந்த ரத்தத்தில் ஒரு வைத்தியம்

தை மாதக் கடைசியில் ஒரு நாள், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பில் போட நின்றுகொண்டிருந்தேன். கல்லாவுக்கு மேலே சிசிடிவி டிவி. அதில் ஒரு அம்மாள் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. மேலே எரிந்த ட்யூப்லைட் வெளிச்சம் அங்கே பட்டுப் பளபளத்தது.

பாவம், எப்படித்தான் வெளியே வருகிறாரோ... என்று நினைத்தபடி கூடையிலிருந்து புளி பாக்கெட்டை எடுத்து வைத்தேன்.

டிவியில் அந்த அம்மாளும் எடுத்து வைத்தார்.

எவ்வளவு நாளாக இப்படி இருந்திருக்கும்? தெரியாது. தினமும் கண்ணாடி பார்க்கிறவள்தான் நான். முன்பக்கம் ஓரளவு ஒழுங்காகவே இருக்கிறது. பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எப்போதும் அக்காவுடையது. நானும் அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளாமல், ஸ்ரீரங்கத்தில் ஒரே ஃப்ளாட்டில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர்கள். ஏன் செய்துகொள்ளவில்லை என்பது வேறு கதை, விடுங்கள். தலை வாரும்போது, "பின்னாடி நரை எட்டிப் பாக்குதுடி, டை போட்டுக்கோ" என்பாள். ஜாக்கெட் கொக்கி விட்டுப்போயிருந்தால் சொல்வாள். புடவை பின்னால் தூக்கிக்கொண்டு நின்றால் இழுத்துவிடுவாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

முன்பக்கத்துக்குக் கண்ணாடி போதும். பின்பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இது எனக்குத் தெரிய வந்தது.

அடுத்த வாரமே தில்லைநகரில் ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"கூட யாரு மேடம் வந்திருக்காங்க?"

"யாரும் வரலையே."

"அப்ப வேற யாரோட நம்பராவது சொல்லுங்க மேடம். அவசரத்துக்கு."

யோசித்தேன். லால்குடியில் சித்தி பையன் ஒருவன் இருக்கிறான். தீபாவளிக்குப் போன் பண்ணுவான். அவன் நம்பரைச் சொன்னேன். இன்றுவரை அவனுக்கு இது தெரியாது.

டாக்டர் சின்னப் பெண். தலையைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். வீட்டில் ஏதாவது பெரிய துக்கமா, காய்ச்சலா, ஆபரேஷனா என்று கேட்டாள். அக்காவைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டாள்.

"பிஆர்பின்னு ஒண்ணு இருக்கு மேடம். உங்க கையிலேருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்போம். மெஷின்ல வெச்சு வேகமா சுத்தவிட்டா சிவப்பெல்லாம் கீழ தங்கிடும். மேல மஞ்சளா ஒரு தண்ணி நிக்கும். அதுல ப்ளேட்லெட்ஸ் நிறைய இருக்கும். அதைத்தான் உச்சந்தலையில சின்னச் சின்ன ஊசியா போடுவோம். முகத்துக்கும் போட்டுக்கறாங்க, தோல் பளிச்னு ஆகும்னு."

"முடி வந்துடுமா?"

"வேர் உயிரோட இருக்கற எடத்துல வர வாய்ப்பு இருக்கு. எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். வந்தாலும் காலேஜ் வயசு முடியெல்லாம் வராது. மொதல்ல ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க, பேசுவோம்."

அவள் சத்தியம் எதுவும் செய்யாதது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது மனசு நச்சரித்தது. இந்த வயதில் உனக்கு எதற்கு இது? யார் பார்க்கப் போகிறார்கள்? பதில் தெரியவில்லை. தெரியாமலேதான் முதல் சிட்டிங்குக்குப் போனேன்.

ரத்தம் எடுத்தார்கள். மெஷினிலிருந்து வந்த குழாயை நர்ஸ் தூக்கிக் காட்டினாள். நல்லெண்ணெய் நிறத்தில் ஏதோ நின்றது. "உங்க சொந்த ரத்தம்தான் மேடம். வெளி மருந்து எதுவும் கலக்கலை. பயப்படாதீங்க" என்றாள். சொந்த ரத்தம்... அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் போன பிறகு, அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு மிச்சமிருந்தது அந்தக் குழாயில் இருந்ததுதான்.

இரண்டாவது சிட்டிங்கில்தான் பரீதாவைப் பார்த்தேன். மரத்துப்போக வைக்கிற களிம்பைத் தலையில் அப்பி, மேலே பிளாஸ்டிக் தொப்பி மாட்டி என்னை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். என் தொப்பியையே பார்த்தாள்.

"இதுல முடி நெசமாவே வருதாக்கா?"

"தெரியலைம்மா. எனக்கு இது ரெண்டாவது தடவைதான்."

"எனக்கு ரெண்டு மாசத்துக்குள்ள வரணும்க்கா. பக்ரீத்துக்கு எங்க வீட்டுக்காரர் லீவுல வர்றாரு."

பேரைச் சொன்னாள். பாலக்கரையில் வீடு. கணவர் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். வந்து போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகள் சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். போன வருஷ நோன்புக்குப் பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்ததாம். அவரிடம் சொல்லவில்லை.

"வீடியோ கால்ல பாக்க மாட்டாரா?" என்றேன்.

"முக்காடு போட்டுக்கிட்டுத்தான் பேசுவேன். வீட்டுக்குள்ள எதுக்கு முக்காடுன்னு கேப்பாரு. ஜன்னல் தொறந்திருக்குன்னு சொல்லிடுவேன்." முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இந்த முடியைப் பாத்து நல்லாருக்குன்னு சொல்ல அவரு ஒருத்தருதான்க்கா எனக்கு. அவரும் தம்மாம்ல இருக்காரு."

என் முடியை ஊரே பார்க்கலாம். தடை ஒன்றும் கிடையாது. அப்படியும் அது கொட்டிப்போனதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. இதை அவளிடம் சொல்லவில்லை.

உள்ளே போனவள் உடனே திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"முடியாதாம்க்கா. ரத்தமே ரொம்பக் கம்மியா இருக்காம். முடி கொட்டுறதே அதனாலதான் இருக்கும்ங்கறாங்க. மாத்திரை எழுதிக் குடுத்து, ஒழுங்கா சாப்பிட்டு ரத்தம் ஏறுனதும் வரச் சொல்றாங்க."

"என்ன சாப்பிடுறீங்க நீங்க?"

"காலைல டீ. மத்தியானம் ஏதாவது இருந்தா இருக்கும். பொண்ணு இருந்தவரைக்கும் மூணு வேளையும் அடுப்பு எரிஞ்சுது. இப்ப ஒருத்திக்கு என்னக்கா சமைக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை வைத்த குழம்பைப் புதன்கிழமை வரை சூடு பண்ணிச் சாப்பிடுகிறவள் நான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் வாங்க. சாப்பிடலாம்."

வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். முருங்கைக்கீரை, பருப்பு, ரசம். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்குக்கா" என்று சிரித்தாள். ஆனால் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். அடுத்த வெள்ளி, கேட்காமலே வந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் கீரை ஆய்ந்து வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தட்டு இரண்டு கழுவ வேண்டியிருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பிட்டு முடித்து, வேர்வை தாங்காமல் முக்காட்டை எடுத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். வகிடு அகலமாகி, நெற்றிக்கு மேலே தோல் தெரிந்தது. போன் அடித்தது. வீடியோ கால். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு.

அவள் கை தன்னால் முக்காட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு, எதுவும் போட்டுக்கொள்ளாமலே போனை எடுத்துவிட்டாள்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். ஒட்டுக் கேட்கக் கூடாதுதான். ஆனால் என் ஃப்ளாட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே கதவு கிடையாது.



"போனைக் கிட்ட கொண்டா" என்றது ஆண் குரல்.

"பாத்தாச்சுல்ல."

"எப்பலேருந்து?"

"போன வருஷ நோன்புக்கு அப்புறம்."

"ஏன் சொல்லலே?"

"சொன்னா அங்க இருந்துக்கிட்டு என்ன மச்சான் பண்ணுவீங்க?"

எனக்குக் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. தலையில் ஊசி போட்டுக்கொள்ளப் போனதையும், டாக்டர் திருப்பி அனுப்பியதையும் அவளே சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் எதுவும் போட்டுக்காதே" என்றார் அவர். "தனியா போவாதே. நான் கூட வரேன்."

"தனியா போவலே. இங்க ஒரு அக்கா இருக்காங்க."

நான் குழாயைத் திறந்து தட்டைக் கழுவினேன். தேவைக்கு அதிகமாகவே தண்ணீர் விட்டேன்.

பக்ரீத்துக்கு அவர் வந்துவிட்டார். பரீதா போன் பண்ணிச் சொன்னாள். அந்த வெள்ளி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து வந்த மனிதரை விட்டுவிட்டு என் வீட்டில் கீரை சாப்பிடவா வருவாள்? தெரிந்தும் வியாழக்கிழமை கீரை வாங்கிவிட்டேன். இரண்டு பேர் அளவு. வெள்ளிக்கிழமை சாப்பிட்டது போக மிச்சத்தை சனிக்கிழமை சாப்பிட்டேன்.

சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு நம் ஞாபகம் வராது. அதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நாமும் அப்படித்தான் இருந்தோம், இருந்தபோது.

போன வாரம் எனக்குக் கடைசி சிட்டிங். பெஞ்சில் பரீதாவும் அவரும். ஒல்லியான மனிதர். மனைவியின் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பரீதா எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் ஏறிடுச்சுக்கா. இன்னிக்குத்தான் மொத ஊசி. இவங்கதான் மச்சான் அந்த அக்கா."

அவரும் எழுந்துவிட்டார். "உக்காருங்கக்கா. உங்களைப் பத்தி ரொம்பச் சொல்லியிருக்கா" என்றார். ஹேண்ட்பேக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.

ஒரே அறையைத் திரைபோட்டு இரண்டாக்கியிருந்தார்கள். எனக்கு ஊசி போட்டு முடித்துப் படுக்க வைத்திருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் பரீதாவுக்கும் முடிந்திருந்தது. அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வலிச்சுதா?" என்றார் அவர்.

"கொஞ்சம்" என்றாள்.

நான் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நான்கு தடவை வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நர்ஸ், "வலிக்காது மேடம், எறும்பு கடிக்கற மாதிரிதான்" என்பாள். டாக்டரும் சொல்வாள். நல்ல பெண்கள். வலிக்காது என்று சொல்வதற்கு உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முடிந்த பிறகு வலித்ததா என்று கேட்க, வீட்டில் ஒருவர் வேண்டியிருக்கிறது.

வலித்தது. உச்சியில் போடும்போது நன்றாகவே வலித்தது.

எழுந்து உட்கார்ந்ததும் நர்ஸ் தன் மொபைலில் உச்சந்தலையைப் போட்டோ எடுத்துக் காட்டினாள். பரவாயில்லை. உள்ளங்கை அகலம் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. சுற்றிலும் குட்டிக் குட்டியாக, பூனை முடி மாதிரி மெலிதாக முளைத்திருந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

"சூப்பரா வந்திருக்கு மேடம். வீட்ல யாருக்காவது அனுப்பட்டுமா?"

"எனக்கே அனுப்பும்மா" என்றேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கு அனுப்பலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். லால்குடிக்காரன் பயந்துவிடுவான். பழைய சிநேகிதிகளுக்கு அனுப்பினால், "என்னடி இது, யார் தலை?" என்பார்கள். பரீதாவுக்கு அனுப்பலாம்... அவள் பக்கத்தில் அவர் இருப்பார். அவர் திரும்பிப் போகட்டும். அந்த நாளை நான் எதிர்பார்க்கிறேனோ என்று ஒரு நொடி தோன்றியது. உடனே அந்த நினைப்பை உதறினேன்.

அம்மா மண்டபம் ஸ்டாப் வந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால் இந்த வாரப் பத்தியில் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

போட்டோ எல்லாம் போட மாட்டேன். முடி வந்திருக்கிறது, நம்புங்கள்.