அடி வாங்கும் வேலை

ஈஸ்வரி காய்ச்சலில் படுத்து ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். அவள் புருசன் அமாவாசைக்கு அழுகை வரவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. பந்தலில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் அவர் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

"இருவத்தாறு வருசம் கூட வாழ்ந்த மனுசன். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலியே ஆத்தா."

அவருக்கும் அது புரியத்தான் இல்லை. காரியம் முடிந்த மறுநாள், போடி பஜாருக்குப் பின்னால் இருந்த ஏலக்காய் குடோனுக்கு வழக்கம்போல் மூட்டை தூக்கப் போனார். ஒருநாள் இரும்பு ஷட்டரை இறக்கும்போது விரல் நசுங்கியது. சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்து, நகம் கறுத்திருப்பதைப் பார்த்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது.

ஈஸ்வரியின் அக்கா மகள் கார்த்திகா அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். அங்கே இருந்த நாலு வருசத்தில் கிராவ் மகா என்ற தற்காப்புப் பயிற்சியைக் கற்று, சொல்லிக்கொடுக்கிற அளவுக்குச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். மூடிக்கிடந்த ஒரு ஏலக்காய் ஸ்டோரின் மாடியை வாடகைக்குப் பிடித்து வகுப்பு ஆரம்பித்தாள். பதினாலு பெண்கள் சேர்ந்தார்கள். தாக்க வருகிறவனாக நடிக்கத்தான் ஆள் அமையவில்லை. வந்த இளவட்டங்களில் ஒருவன் அடி விழுந்ததும் கோபத்தில் திருப்பி அடித்தான். இன்னொருவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அவள் அமாவாசையைத் தேடி வந்தாள்.

"சித்தப்பா, ஒரு சோலி இருக்கு. அடி வாங்கணும்."

"யாருகிட்ட?"

"பொம்பளப் பிள்ளைககிட்ட."

"சரி" என்றார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

தடித்த மெத்தை வைத்துத் தைத்த உடுப்பு, முகத்தை முழுக்க மறைக்கும் ஹெல்மெட். பின்னாலிருந்து வந்து கழுத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டை இறுக்க வேண்டும், முடியைப் பிடித்து இழுக்க வேண்டும். கார்த்திகா ஒரே ஒரு விதிதான் சொன்னாள். "அடி சரியா விழுந்தா விழுந்துருங்க. சரியில்லன்னா பிடிய விடாதீங்க. பாவம்னு விட்டீங்கன்னா நாளைக்கு அந்தப் பிள்ளதான் மாட்டிக்கிரும்."

அமாவாசை யாரையும் பாவம் பார்க்கவில்லை. யார் மேலும் கோபமும் வரவில்லை. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்றாள் கார்த்திகா. அவருக்கு அது பாராட்டாகவும் படவில்லை, குறையாகவும் படவில்லை. காலையில் குடோன், சாயங்காலம் மாடி. இரண்டும் உடம்பு பார்க்கிற வேலை.

புதிதாகப் பெண்கள் சேரும்போதெல்லாம் கார்த்திகா இந்தக் கலை பிறந்த கதையைச் சொல்லித்தான் தொடங்குவாள். தொண்ணூறு வருசத்துக்கு முன்னால் ஐரோப்பாவில், டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு ஊர். யூத சனங்கள் குடியிருந்த தெருக்களுக்குள் ரவுடிக் கும்பல் புகுந்து அடித்தது. அந்தச் சனத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரர் இருந்தார், மல்யுத்தமும் தெரிந்தவர். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றார். மேடையில் கற்ற வித்தையெல்லாம் தெருவில் செல்லாது என்று அங்கேதான் அவருக்குப் பட்டது. தெருவில் நடுவர் கிடையாது, மணி அடிக்க ஆள் கிடையாது. கண், தொண்டை, முழங்கால் என்று உடம்பு எங்கே தாங்காதோ அங்கே அடித்துவிட்டு ஓட வேண்டும். பிற்பாடு அவர் போய்ச் சேர்ந்த இஸ்ரேல் நாட்டில் அதைப் பட்டாளத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். பட்டாளத்திலிருந்து பொதுசனத்துக்கு வந்தது, அப்படியே கடல் தாண்டிப் பல தேசத்துக்கும் போனது. "இன்னைக்குப் போடிக்கும் வந்துருச்சு" என்று முடிப்பாள் கார்த்திகா. பெண்கள் கைதட்டுவார்கள். ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய நின்றபடியே அமாவாசைக்கு அந்தக் கதை மனப்பாடமாகிவிட்டது.

இரண்டு வருசத்தில் வகுப்பு சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் போனது. அப்புறம் குரங்கணியிலிருந்து, ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கிற பெண்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் போனார்கள். கார்த்திகாவுக்குத் தொண்டை கட்டி, பேச்சே எழும்பவில்லை. கைகாலை வீசிக் காட்டிவிடலாம், கதையை யார் சொல்வது? அவள் அமாவாசையைப் பார்த்தாள்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காய் உலர்த்துகிற களத்தில் உட்கார்ந்திருந்த இருபது பெண்களுக்கும் தனக்குத் தெரிந்த மாதிரி சொல்லி முடித்தார். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த சோலையம்மாள், நாற்பது வயதுக்காரி, கேட்டாள்.

"அப்பறம் அந்த ஊரு என்னாச்சுண்ணே? தப்பிச்சுச்சா?"

கார்த்திகா அதைச் சொன்னதே இல்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் கிட்டே வந்து கரகரத்த குரலில் காதோடு சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார்.

"தப்பிக்கலையாம்... அந்தாளு ஒரு ஓட்டக் கப்பல்ல ஏறி வெளியேறிட்டாராம்... அங்கன இருந்த அவுக சனத்துல முக்காவாசிப் பேரப் பிறகு ரயில்ல ஏத்திக் கொண்டுபோயி... கொன்னுட்டாங்களாம்."

சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பஸ் போகிற ஊர்களின் பெயரைச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

"அப்பப் படிச்சு என்ன புண்ணியம்?" என்றாள் சோலையம்மாள்.

கார்த்திகா காதில் சொல்லக் காத்திராமல் அமாவாசையே சொன்னார். "தெரியலம்மா. அந்த ஓராளு ஏறிப் போனதுனால இது நம்ம வரைக்கும் வந்துருக்கு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

பயிற்சியில் சோலையம்மாள் முறை வந்தது. அவள் கையை ஓங்கவே தயங்கினாள். "வலிக்குமேண்ணே."

"வலிக்காது."

"வலிக்காதுன்னா என்னத்துக்கு அடிக்கணும்?" பெண்கள் சிரித்தார்கள். அவர் பின்னால் போய் அவள் கழுத்தை முழங்கையால் வளைத்து இறுக்கினார். அவள் உடம்பு ஒருகணம் விறைத்தது. அடுத்து என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் மிதி, வயிற்றில் முழங்கை, திரும்பி விலாவில் இன்னொரு முழங்கை. மெத்தை முடிகிற இடத்துக்கு ஒரு விரல் கீழே அது விழுந்தது. அவர் களத்தில் சுருண்டார். மூச்சு வரவில்லை.

சோலையம்மாள் ஓடிவந்து ஹெல்மெட்டைப் பிடுங்கித் தண்ணீர் கொடுத்தாள். "ஒங்களையா நெனச்சு அடிச்சேன்?" என்றாள். யாரை நினைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது மலை இறங்கி முந்தல் வருகிறவரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் விலாவைப் பிடித்துக்கொண்டார். ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "பாப்பா, அந்தாளு அங்க பழகினப்ப அடி வாங்கினது யாரு?"

கார்த்திகா போனில் தட்டிக் காட்டினாள்: கூட்டாளிகதான். பேர் தெரியாது.

"அவுகள்ல எத்தன பேரு கப்பல் ஏறினாக?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

விலா எலும்பில் கீறல் என்றார் டாக்டர். ஆறு வாரம் படுக்கை. இருமினால் கண்ணில் நீர் வந்தது. வலி வந்துவிட்டது, இனி மற்றதும் வந்துவிடும் என்று அவர் நினைத்தார். ஈஸ்வரியின் சேலைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்துகூடப் பார்த்தார். விலா வலித்தது. வேறெதுவும் வரவில்லை. சேலைகளை மடித்துத் திரும்ப வைத்தார்.

மூட்டை தூக்க இனி ஆகாது என்று குடோனில் சொல்லிவிட்டார்கள். மாடி வேலை மட்டும் மிஞ்சியது. குரங்கணிக்கு அவர் போக வேண்டியிருக்கவில்லை. அங்கே சோலையம்மாளே அதேமாதிரி இன்னொரு உடுப்பை மாட்டிக்கொண்டு மற்றப் பெண்களிடம் அடி வாங்க ஆரம்பித்திருந்தாள். மேலே இருக்கிற இரண்டு தோட்டங்களிலிருந்தும் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கார்த்திகா சொன்னாள்.

"நல்லதுதான்" என்றார் அமாவாசை.

அடுத்த சனிக்கிழமை உத்தமபாளையத்தில் புது வகுப்பு. அவர் உடுப்பை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுப் பார்த்தார். விலா இழுத்தது. இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.