கம்பங்கொல்லையில் தொங்கிய கௌபாய்

எல்லோரும் கொண்டாடுகிற கௌபாய் படங்களை நான் வாங்குவதே இல்லை. அவை எங்கே ஓடிவிடப் போகின்றன? பேர் தெரியாத நடிகன், நொண்டிக் குதிரை, ஒரே தெரு உள்ள ஊர், ஒரு வாரம்கூட ஓடாத படம்: அதுதான் எனக்கு வேண்டும். கையில் காசில்லாமல் எடுத்த படத்தில் பாசாங்கு இருக்காது. தூசி நிஜத் தூசி, பயம் நிஜப் பயம். திருவண்ணாமலையில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான். அதில் எனக்குப் பெருமைதான்.

இந்த மாதிரிப் படங்கள், மூடிப்போன வீடியோ வாடகைக் கடைகளில் உறை இல்லாமல் மொட்டை டிஸ்க்காகத்தான் கிடைக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த என் மனைவியின் அண்ணன், கிளி விரட்டக் கொல்லையில் கட்டுவதற்குப் பழைய டிஸ்க் கேட்டிருக்கிறார். அவள் உறை போட்டவற்றைப் பத்திரமாக வைத்துவிட்டு, மொட்டைகளைப் பையோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏங்க, மேல ஒண்ணுமே போடலையே, வேஸ்ட்டுனு நெனச்சிட்டேன்" என்றாள்.

அந்தப் பையில், ஊர்க்காவல் பார்க்கும் ஒரு கிழட்டு ஷெரீஃபின் கதை இருந்தது. அந்தப் படம் வேறெங்கும் கிடைக்காது, தேடிச் சலித்தவன் சொல்கிறேன். பஸ் பிடித்து ஓடினேன். கம்பங்கொல்லை முழுக்க என் டிஸ்க்குகள் கயிற்றில் சுழன்று மின்னிக்கொண்டிருந்தன.

"என்னா மாப்ள, இதுக்கா இவ்ளோ பதறிக்கினு வந்தீங்க? ஒரு கிளி கிட்ட வர்றதில்ல, தெரியுமா!" என்று சிரித்தார் மச்சான்.

நடு ஓட்டை ஓரம் நான் கடுகளவு வைத்திருந்த சிவப்புப் புள்ளியை அடையாளம் பார்த்து அந்த ஒன்றை அவிழ்த்தேன். அவர் வீட்டு டிவியிலேயே போட்டுப் பார்த்தோம். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, மச்சானின் சிரிப்பு நின்றுபோனது. கடைசியில் கிழவன் தன்னந்தனியாகத் தெருவில் இறங்குகிறான், படம் அப்படியே நின்றுவிட்டது. துடைத்தேன், மறுபடி போட்டேன். ம்ஹூம். ஒரு மாத வெயிலும் காற்றும் அந்த இடத்தைக் கெடுத்திருந்தன.

"அப்புறம் என்னாச்சு மாப்ள? கெழவன் பொழச்சானா?"

எழுந்து நின்று நடித்தே காட்டினேன். கிழவனின் கை நடுங்குவதை, துப்பாக்கியை அவனே தரையில் வைப்பதை, எதிரி வெட்கப்பட்டுக் குதிரையைத் திருப்புவதை.

மச்சான் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க மச்சான்?"

"மிச்சத்தையாவது கழட்டினு வரேன், இருங்க. கிளி தின்னா தின்னுட்டுப் போவுது."