மருமகள் சொன்ன தப்புக்கடலை வார்த்தை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னது என் மருமகள்.

அவள் சேலத்துப் பெண். தருமபுரியில் இங்கிலீஷ் டீச்சர். கல்யாணமாகி வந்து பல மாதமாகியும் நான் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரிடமும் எனக்குச் சட்டென்று வாய் வராது. அவள் சாப்பிட்டாளா என்பதைக்கூட மனைவியிடம்தான் கேட்பேன். ஒருநாள் அடுப்படியில், "மாமாவுக்கு என்னைப் பிடிக்கலீங்களா அத்தை?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன். காரிமங்கலம் சந்தையில் அவளுக்குப் பிடித்த சீத்தாப்பழம் வாங்கி வருவேன். மேசைமேல் வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவேன்.

ஐப்பசியில் எங்கள் மேட்டுக்காட்டில் கடலைக்காய் பிடுங்கி முடித்தோம். மறுநாள் ஊர்ப் பெண்கள் களைக்கொத்தோடு வந்து இறங்கினார்கள். செடியோடு வராமல் மண்ணில் தங்கிவிட்ட காய்தான் தப்புக்கடலை. அது தோண்டுகிறவர்களுக்குச் சொந்தம், நிலத்துக்காரன் கேட்கக் கூடாது. மருமகளுக்கு இது தெரியாது. லீவில் வீட்டிலிருந்தவள் ஓடிப்போய், "யாருங்க நீங்க? எங்க காட்டுல என்ன பண்றீங்க?" என்று அதட்டினாள்.

"அடியே, டீச்சரம்மா நம்மளக் களவாணிங்குது!" என்றாள் ஒருத்தி. "அந்தா நிக்கறாரே உம் மாமனாரு, அவரக் கேளு கண்ணு. வாயத் தொறந்தா முத்தா கொட்டிரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போய் என்னைப் பார்த்தாள். எனக்காகப் பேச மனைவியும் பக்கத்தில் இல்லை.

"நாம உட்டது அவங்களுதும்மா," என்றேன். "நீயும் ஒரு களைக்கொத்து எடுத்துக்க."

அவளும் உட்கார்ந்து கிளறினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்குதுங்க மாமா. கிளீன். சுத்தம் பண்ற கிளீன் இல்லீங்க, இது வேற, 'ஜி' எழுத்துல ஆரம்பிக்கறது. பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து வந்தது. அதுக்கும் முந்தி அந்த நாட்டுல இருந்த பழைய ஜனங்க பேச்சா இருக்கலாம்ங்கறாங்க. அறுத்த நெலத்துல சிந்துனதப் பொறுக்கறதுதான் மொத அர்த்தம். அப்புறந்தான் சேதியப் பொறுக்கறதுக்கும் சொன்னாங்க."

"சேதிய எப்பிடிம்மா பொறுக்கறது?"

நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் ஒரு காயை மண் உதறி என் கையில் வைத்தாள்.

"மேசைமேல சீத்தாப்பழம் இருக்கும். என் ஸ்கூட்டிய யாரோ தொடச்சு வெச்சிருப்பாங்க. நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே! இப்பிடிப் பொறுக்கித்தான் உங்களத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனாலும் வாயால ஒரு வார்த்தை கேக்கணும்னு இருந்துச்சுங்க."

நான் காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். மடியில் சேர்த்திருந்ததை அவள் காட்டினாள். "வேகவெச்சுத் தரட்டுங்களா?"

"உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடும்மா," என்றேன்.

தை மாதம் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை.