மாப்பிள்ளை இல்லாத விசாரிப்பு

எருமப்பட்டி வட்டாரத்தில் ஜாதகம் பொருந்திய மறுநாளே சின்னுசாமியைத் தேடி ஆள் வரும். சம்பந்தம் பேசுகிற குடும்பம் எப்படிப்பட்டது என்று காதும் காதும் வைத்தாற்போல விசாரித்து வருவது அவர் வேலை. கூலி கிடையாது, மரியாதைதான். மாடு வாங்க வந்தவர்போல ஊருக்குள் நுழைவார். பேர் கேட்டால் ஏதாவது ஒரு பொய்ப் பேரைச் சொல்வார். பக்கத்து வீட்டில் கேட்கவே மாட்டார்; அவர்கள் ஒன்று சொந்தமாக இருப்பார்கள், இல்லை சண்டைக்காரர்களாக இருப்பார்கள். அடுத்த தெருவில் கேட்பார். மாவு மில்லில் பத்து நிமிஷம் நிற்பார். யாரையாவது ஒருவர் வாயாரப் புகழ்ந்துவிட்டால் போதும், இன்னும் நாலு பேரிடம் கேட்காமல் ஊரைவிட்டுக் கிளம்ப மாட்டார்.

முப்பது வருஷம் இப்படி அலைந்தவருக்குச் சந்தேகம் ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது. அப்படிப்பட்டவரிடம்தான் அவர் மனைவி சௌந்திரம், நாற்பத்தேழு வயதில், சோறு போட்டுக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தாள்.

“ஏனுங்க, டிகிரி முடிச்சவங்களுக்கு எழுத்துப் பயிற்சின்னு ஒரு வருசச் சான்றிதழ் படிப்பு இருக்குதுங்க. கதை, கட்டுரையெல்லாம் எழுதச் சொல்லித் தராங்களாமா. நாந்தான் தபால்ல பி.ஏ. முடிச்சு வெச்சிருக்கறேனே, சேரட்டுங்களா?”

“எழுதறதுக்கு உனக்கு என்ன இருக்குது புள்ள?”

சௌந்திரம் மூன்று காகிதங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒன்று சென்னையிலிருந்து போனிலேயே நடத்துகிற வகுப்பு. ஒன்று தபால் வழி. மூன்றாவது சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில், சனிக்கிழமை தோறும் நேரில். எதில் சேர்வதானாலும் வெள்ளிக்கிழமைக்குள் மனு போட வேண்டும். தெரிந்தவர் ஒருவருக்கு நடந்ததை இரண்டு பக்கம் எழுதி, மனுவோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

“விசாரிச்சுட்டுச் சொல்றேன்” என்றார் சின்னுசாமி. அந்த ஒரு வார்த்தையில் எத்தனை கல்யாணம் நின்றுபோயிருக்கிறது என்று சௌந்திரத்துக்குத் தெரியும். முகம் சுண்டிப்போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உண்மையில் அவருக்குப் படிப்பின்மேல் பயமில்லை, பெண்டாட்டியின்மேல்தான் பயம். ஊரார் வீட்டுச் சங்கதியையெல்லாம் சேகரித்தவர், தன் வீட்டுச் சங்கதியில் ஒரு எழுத்து வெளியே போக விட்டதில்லை. தம்பியோடு பேச்சு நின்றுபோனதை எழுதுவாளா? தன் குறட்டையை எழுதுவாளா? இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு இப்போது எதற்கு எழுத்து?

போன் வகுப்புக்காரர்களைக் கூப்பிட்டு, “ஆபீசு எந்தத் தெருவுல இருக்குதுங்க?” என்று மூன்று முறை கேட்டார். இன்றைக்கே சேர்ந்தால் தள்ளுபடி உண்டு என்று ஒரு தேன் குரல் மூன்று முறையும் சொன்னது. அதைத் தள்ளினார். தபால் வழியில் சேர்ந்திருந்த ஒருவரை நாமக்கல்லில் தேடிப் பிடித்தார். எழுதி அனுப்பியது எட்டு மாதமாகத் திருத்தி வரவேயில்லை என்று அந்த மனிதர் புலம்பினார். அதையும் தள்ளினார். புதன்கிழமை காலை சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

கல்லூரி வாட்ச்மேன் ஒரு குறையும் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரரும் சொல்லவில்லை. இதென்னடா வம்பு என்றிருந்தது. எழுத்து வகுப்பை நடத்துவது தீபிகா என்றொரு டீச்சர், வீடு பக்கத்தில்தான் என்று தெரிந்தது. சொல்லித் தருகிற ஆளைத் துருவினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, வழக்கப்படி அடுத்த தெரு டீக்கடையில் போய் உட்கார்ந்தார். வாய் பழகிய கேள்விகளைத்தான் கேட்டது. பூர்வீகம் எந்த ஊர், என்ன வகையறா, கோபக்காரியா, வேலை முடிந்து நேரத்துக்கு வீடு திரும்புமா, வீட்டில் யாருக்காவது நோய்நொடி உண்டா.

கடைக்காரப் பெரியநாயகியம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “தங்கமான புள்ளைங்க! ஒரு வார்த்தை அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை” என்றார். டீக்குக் காசு வேண்டாம் என்றார். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு போனில் என்னவோ கிசுகிசுத்தார். சின்னுசாமிக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஆள் சேர்த்துவிட இந்தம்மாளுக்குக் கமிஷன் இருக்க வேண்டும்.

கால்மணி நேரத்தில் ஒரு பெரியவர் மூச்சு வாங்க வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவசரத்தில் பட்டனை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

“வாங்க சாமி. நான் அன்பரசு, தீபிகாவோட அப்பனுங்க. ஊட்டுக்கு வராம கடையிலயே உக்காந்துட்டீங்களே! புள்ளைக்கு வயசு முப்பத்தெட்டாச்சு, மறைக்க மாட்டேனுங்க. ஜாதகம் கையோட கொண்டாந்துட்டேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?”

சின்னுசாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை காலமும் கேட்பார், கிளம்புவார், சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்வார். விசாரிக்கப்பட்ட வீட்டில் யார் எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இப்போதும் நழுவிவிடலாம். ஆனால் இந்த மனிதர் எத்தனை மாதம் காத்திருப்பார்? அந்த மாறிப்போன பட்டனைப் பார்க்க முடியாமல் எழுந்து நின்றார்.

“மன்னிச்சுக்கோணுங்க. மாப்பிள்ளைன்னு ஆரும் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி உங்க புள்ளைகிட்டப் படிக்கோணும்ங்கறா. அந்தப் படிப்பைத்தான் விசாரிக்க வந்தேன்.”

அன்பரசு கவரை மெதுவாகச் சுருட்டினார். “அப்படீங்களா? அதுக்கு எங்க வகையறா எதுக்குங்க?” என்றார். பிறகு அவரே சொன்னார்: “நல்லாச் சொல்லித் தருவாளுங்க. தைரியமாச் சேத்துடுங்க.” திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது சௌந்திரம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

“விசாரிச்சீங்களா? நல்ல எடந்தானுங்களா?”

“எடம் நல்ல எடந்தான்” என்று அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். பட்டனைக்கூட விடவில்லை. சொல்லி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தெரிஞ்சவங்களுக்கு நடந்ததைத்தான எழுதச் சொல்லியிருக்காங்க? இதை எழுது புள்ள.”

சௌந்திரம் பேனாவைத் திறந்தாள். “உங்க பேரை மாத்திப் போட்டுக்கறனுங்க.”

“மாத்தாத. எருமப்பட்டிச் சின்னுசாமின்னே போடு. அந்த டீச்சர் படிச்சுச் சொல்லி, வந்துட்டுப் போனவன் ஆருன்னு அந்தப் பெரியவருக்குத் தெரியட்டும்.”