நீலத்தில் வரைந்த ஆறு

காலை 8.45, ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் ரயில் நிலையம். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. மூடுபனியில் தண்டவாளம் முப்பது மீற்றருக்கு அப்பால் தெரியவில்லை. நாள் முழுவதும் ஏறி இறங்க ஒருவருக்குப் பத்து டொலர் பாஸ், இரண்டு எடுத்தேன். கார் நிறுத்தக் கட்டணம் இல்லை.

எங்கள் பயணம் நீண்டதல்ல. ரொறன்ரோ நகரத்துக்கு அடியில் ஒரு ஆறு ஓடுகிறது. கறிசன் கிரீக் என்று பெயர். நூறு வருடத்துக்கு மேலாக அது குழாய்க்குள் கிடக்கிறது. கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காவில் தொடங்கி ஏரி வரை அதன் தலைக்கு மேலாக நடப்பது திட்டம். ஏறத்தாழ நான்கரைக் கிலோமீற்றர்.

கூட வந்தவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. வயது அறுபத்தொன்று, வீடு ஸ்ரௌவ்வில் ஊரில். மார்க்கம் நகரில் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்யும் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறார். அவருடைய கணவர், என் சித்தப்பா, இறந்து இருபத்தொன்பது நாள். மறுநாள் ஐயரோடு படகில் போய் ஏரியில் அஸ்தி கரைப்பதாக ஏற்பாடு. அதற்கடுத்த நாள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு.

சித்தப்பாவுக்குக் கடைசி நான்கு வருடமாக நினைவு குறைந்துகொண்டு வந்தது. பெயர்கள் முதலில் போயின. அதோடு ஒரு புதுப் பேச்சும் வந்தது: "கீழ ஆறு ஓடுது." நாடு விட்டு வந்த புதிதில், கிறிஸ்ரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றில் அவர்கள் மூன்று வருடம் இருந்தார்கள். நினைவு அங்கே திரும்பிப் போகிறது என்று டொக்ரர் சொன்னார். எல்லோரும் நம்பினோம். ஆறு மட்டும் கற்பனை என்று நினைத்தோம்.

என் வேலை வடிகால் கணிப்பு. எந்தக் குழாயில் எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணினியில் மாதிரி செய்வது. செத்தவீட்டுக்குப் பிறகு ஒருநாள் அந்தப் பழைய முகவரியை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். பேஸ்மென்றுக்கு இருபது மீற்றர் தூரத்தில் கறிசன் கிரீக் இருந்தது. ஒரு தாளில் ஆற்றை நீலக்கோடாக வரைந்து, வீட்டைப் புள்ளியாகக் குறித்து, சின்னம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். இந்தப் பயணம் அப்படித்தான் உருவானது.

காலை 9.20, ரயிலில். மவுண்ற் ஜோய் தாண்டியதும் சின்னம்மா பையைத் திறந்து காட்டினார். உள்ளே இடியப்பம், சம்பல், குடை, வெள்ளைத் துணியால் சுற்றிய மூடி போட்ட சில்வர் பேணி ஒன்று.

"அதுக்குள்ளை என்ன?"

"அவர்தான். ஒரு பிடி எடுத்து வைச்சிருக்கிறன். மிச்சம் நாளைக்கு ஏரியிலை."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் உன்ரை கொம்மா ஊரைக் கூட்டுவா. நீ வாயை வைச்சுக்கொண்டிரு." பேணியை மடியில் வைத்தார். "நாலு வரியமா மனிசன் சொன்னது. நான் ஒருக்காலும் நம்பேல்லை. அந்த ஆத்திலை ஒரு பிடி போட்டால்தான் எனக்கு ஆறும்."

அந்த ஆற்றைப் பற்றி நான் சொல்லாமல் விட்ட ஒரு விசயம் இருந்தது. சொல்வதற்குப் பதிலாக வேறு ஆறுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

உயர்தரப் பாடசாலையில் இரண்டு வருடம் இலத்தீன் படித்தேன். நேரசூசியில் பௌதிகத்தோடு முட்டாமல் இருந்த பாடம் அது ஒன்றுதான். மிஞ்சியது ஆறுகளின் பெயர்கள். செத்தவர்கள் போகும் உலகத்தில் ஐந்து ஆறுகள்: அக்கெரோன், துயரத்தின் ஆறு. கொக்கீற்றஸ், ஒப்பாரியின் ஆறு. பிளெகெதோன், நெருப்பு ஓடும் ஆறு. ஸ்ரிக்ஸ், தேவர்களே அஞ்சிச் சத்தியம் செய்யும் ஆறு. லேத்தே, குடித்தவர் எல்லாவற்றையும் மறக்கும் ஆறு. வேலையில் சோதனைக் குழாய்களுக்கு இந்தப் பெயர்களையே வைக்கிறேன். எங்கள் மென்பொருள் நீளமான பெயர்களை ஏற்காது.

சின்னம்மா விரல் மடித்து எண்ணினார். "எங்களுக்கு வைதரணி ஒண்டு காணும். உவைக்கு அஞ்சு வேணுமாமோ?"

"அங்கை ஆறுகள் கனக்க ஆம்பிளையள், சின்னம்மா. தாடியும் கொம்பும் வைச்சுச் சிலை செய்வினம்."

"அதுதான் பேஸ்மென்றுக்குக் கீழ கிடந்தும் கத்துது."

முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள். இருபத்தொன்பது நாளுக்குப் பிறகு சின்னம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

காலை 10.35. யூனியனில் இறங்கி, சப்வேயில் இன்னும் 3.30 டொலர், ஸ்படைனாவில் மாறிக் கிறிஸ்ரி. நிலத்தடியில் போகும்போது அல்பேயஸ் என்ற ஆற்றைப் பற்றிச் சொன்னேன். அது கிரேக்கத்தில் மறைந்து, கடலுக்கு அடியால் போய், சிசிலித் தீவில் நன்னீர் ஊற்றாக எழும்புமாம். இங்கே போட்ட கிண்ணம் அங்கே மிதந்து வந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

"இதென்ன புதினம்? ஊரிலை நிலாவரைக் கிணத்துக்குள்ளை போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியிலை வரும்," என்றார் சின்னம்மா. "நாங்கள் பள்ளிக்கூடத்தாலை போய் ஆளுக்கொண்டு போட்டனாங்கள்."

"வந்ததோ?"

"ஆர் கீரிமலைக்குப் போய்ப் பாத்தது? எல்லாரும் போடத்தானே போறது."

காலை 11.00, கிறிஸ்ரி பிற்ஸ். வீதி மட்டத்திலிருந்து பெரிய கிண்ணம் போல இறங்கும் புல்வெளி. அடியில் மூடுபனி தேங்கியிருந்தது. நாயோடு நடந்த ஒருவர் அதற்குள் இறங்க, முதலில் நாய் மறைந்தது, பிறகு அவருடைய கால்கள், பிறகு தொப்பி. நாயின் கழுத்து மணி மட்டும் கீழே சுற்றிக்கொண்டிருந்தது.

புளூர் வீதியைக் கடந்தால் பிக்ஃபோர்ட் பூங்கா, அதே பள்ளத்தின் தொடர்ச்சி. அது முடியும் இடத்தில் ஹார்போர்ட் வீதி ஒரு பாலத்தில் போகிறது. ஆனால் பாலத்தின் கீழே ஒன்றும் இல்லை. ஆற்றை மூடியபோது பள்ளத்தை மண்ணால் நிரப்பிவிட்டார்கள், பாலத்தை எடுக்கவில்லை. முழுப் பாலமும் மண்ணுக்குள் நிற்கிறது. கைப்பிடிச் சுவர் மட்டும் நடைபாதை ஓரத்தில் தலை காட்டுகிறது. சின்னம்மா அதன்மேல் கை வைத்து மற்றப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே புல்தரை அவருடைய இடுப்பு மட்டத்துக்கு உயர்ந்திருந்தது.

"ஆத்தோடை பாலத்தையும் தாட்டுப் போட்டாங்களோ?"

"ஓம்."

"உயிரோடை தாட்ட மாதிரிக் கிடக்கு."

அந்தச் சுவரில் சாய்ந்து இடியப்பம் சாப்பிட்டோம். லேத்தே ஆற்றைப் பற்றிய ஒரு கதை நினைவுக்கு வந்தது. ஐபீரியாவில் ஓர் ஆற்றை லேத்தே என்று நம்பி ரோமப் படைவீரர்கள் இறங்க மறுத்தார்கள். படைத்தலைவன் கொடியைப் பிடித்துக்கொண்டு தனியே கடந்து, அக்கரையில் நின்று வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மறக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் இறங்கினார்கள்.

சின்னம்மா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "இவர் கடைசியிலை என்னை 'மிஸ்' எண்டு கூப்பிட்டவர். நேர்ஸ் எண்டு நினைச்சு. மரியாதையாத்தான்."

மிச்ச இடியப்பத்தை மூடிப் பைக்குள் வைத்தேன்.

நண்பகல் 12.10, கிரேஸ் வீதிக்குப் பின்னால் உள்ள சந்து. இந்தப் பகுதியில் சில வீடுகள் ஆற்று மண்ணில் அமிழ்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. சித்தப்பா இருந்த வீடும் சாய்ந்திருந்தது. சந்தின் நடுவே வட்ட இரும்பு மூடி, அதில் இரண்டு துளைகள். துளைகளால் சூடான ஆவி மெலிந்து எழும்பியது. நின்று கேட்டால் ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம். ஒரே சீராக இல்லாமல், யாரோ பேச்சை நிறுத்தி நிறுத்தித் தொடருவது போல.

சின்னம்மா குடையைத் தரையில் வைத்துவிட்டுக் குந்தினார். "இஞ்சை நிக்கிறன்," என்றார் மூடியைப் பார்த்து. "நீங்கள் சொன்னது சரிதான்." பேணியின் துணியை அவிழ்த்தார்.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

"சின்னம்மா, போடாதேங்கோ. இது இப்ப ஆறில்லை. வீடுகளின்ரை கழிவும் மழைத்தண்ணியும் இதுக்குள்ளைதான் போகுது. கக்கூசுத் தண்ணி. ஏரிக்கும் போகாது, கிழக்கை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும்."

அவர் எழும்பவில்லை. மூடியை இறுக்கித் துணியைப் பழையபடி சுற்றினார். மூன்று முறை முடிச்சுப் போட்டார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"முதல் நாளே."

"அப்ப ஏன் நீலத்திலை கீறினனீ?"

எங்கள் அலுவலகத்தில் மழைநீர் பச்சை, கழிவு சிவப்பு, இரண்டும் கலந்தது மண்ணிறம். நீலம் ஆற்றுக்கு மட்டும். ரோமிலும் ஓர் ஓடையை மூடிச் சாக்கடை ஆக்கி, அதற்கு ஒரு பெண் தெய்வத்தையும் வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம் என நினைத்தேன். அது பதில் அல்ல.

"உங்களுக்குப் பிடிக்கும் எண்டு," என்றேன்.

"ஒரு பிடி சாம்பல், பிள்ளை. பிடிக்கிறதைப் பாத்தோ கீறுறது?"

அப்போது பேஸ்மென்றின் பின்கதவு திறந்தது. குப்பைப் பையோடு ஒரு பெண் வந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். "தமிழா? யாரைப் பாக்கணும்?" என்றாள். பெயர் பிரீத்தி, ஈரோடு, மேற்படிப்புக்கு வந்து இரண்டு வருடம். இங்கே முன்பு குடியிருந்தவர் என்று சின்னம்மாவைக் காட்டினேன். "ஐயோ, குளிர்ல நிக்காதீங்க ஆன்ட்டி, உள்ள வாங்க."

ஏழு படி. இறங்கியதும் தலையில் முட்டும் குழாய் ஒன்று. சின்னம்மா பார்க்காமலே குனிந்தார். பிரீத்தி தேநீர் வைக்கப் போக, அதற்கு முன் ஒன்று கேட்டேன்: இங்கே கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்குமா?

"தண்ணியா? இல்லயேக்கா. இங்க சத்தமே வராது. அதான் பயமா இருக்கும். காதுல நம்ம ரத்தம் ஓடறது கேக்கும்."

ஃபிறிட்ஜின் செருகியைக் கழற்றச் சொன்னேன். மூவரும் அசையாமல் நின்றோம். நான் கைபேசியில் இரண்டு நிமிடம் வைத்தேன். ஒன்றும் இல்லை. இருபது மீற்றரில் இவ்வளவு தண்ணீர் ஓட, அந்த அறை பஞ்சடைத்தது போல இருந்தது. சின்னம்மா காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்த்தார்.

"நாங்கள் இருக்கேக்கையும் இல்லை," என்றார் மெதுவாக.

"என்ன சொல்லுறியள்?"

"மூண்டு வரியம் இஞ்சை படுத்தெழும்பினம். அவர் ஒருநாளும் தண்ணி எண்டு கதைச்சதில்லை. நான் யோசிச்சே பாக்கேல்லை. ஸ்ரௌவ்வில் வீட்டிலை இருந்துதான் சொல்லத் தொடங்கினவர். அந்த வீட்டுப் பேஸ்மென்ற் கடைசிப் படியிலை போய்க் குந்திக்கொண்டிருந்து சொல்லுவார். விழுந்து போவார் எண்டு நான் கதவுக்குப் பூட்டுப் போட்டன்."

ஏரி வரை போகவில்லை.

பிற்பகல் 2.40, திரும்பும் ரயிலில். வேலைக்குப் பயன்படுத்தும் வரைபடத்தைக் கைபேசியில் திறந்து, இந்தமுறை ஸ்ரௌவ்வில் முகவரியைப் போட்டேன். யூனியன்வில் வரும்வரை மூன்று தடவை சரிபார்த்தேன். குடியிருப்பு கட்டுமுன் எடுத்த வான்படத்தில் சோள வயலுக்குக் குறுக்காக ஒரு ஓடை. இன்றைய படத்தில் ஓடை இல்லை. அதே வளைவில் ஒரு மழைநீர்க் குழாய். விட்டம் 1050 மில்லிமீற்றர். சின்னம்மாவின் பின்சுவரிலிருந்து ஏழு மீற்றர்.

கைபேசியை அவரிடம் நீட்டினேன். "இது பச்சை. மழைத்தண்ணி மட்டும்."

அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அப்ப அவர் எங்கடை வீட்டைத்தான் சொன்னவர்."

"ஓம்."

"நாங்கள்தான் அவரைப் பழைய இடத்துக்கு அனுப்பிப் போட்டம்."

மார்க்கம், மவுண்ற் ஜோய். நான் எந்த ஆற்றின் கதையையும் சொல்லவில்லை.

மாலை 4.15, ஸ்ரௌவ்வில் குளக்கரை. அந்தக் குழாய் வீடுகளுக்குப் பின்னால் ஒரு குளத்தில் விழுகிறது. குளத்தின் மறுகரையில், சின்னம்மா வீட்டிலிருந்து நானூறு மீற்றரில், இன்னொரு குழாய் வழியாகத் தண்ணீர் வெளியேறிக் கற்களுக்கிடையே சிற்றோடையாகப் போகிறது. அது கடைசியில் டஃபின்ஸ் கிரீக்கில் கலந்து ஏஜக்ஸில் ஏரியைச் சேரும். இதையெல்லாம் ஒளிக்காமல் வரிசையாகச் சொன்னேன். பனி உருகும்போது வீதி உப்பும் இதில் வரும் என்பது உட்பட. ஒன்பது நாளாக மழை இல்லை. ஆனாலும் குழாயின் வாயிலிருந்து கணுக்கால் அளவு தண்ணீர் நிற்காமல் வந்தது. புதைத்த ஓடை இன்னும் உள்ளே இருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. நின்று கேட்டபோது கணக்குப் போதவில்லை. இருண்ட வட்டத்துக்குள் யாரோ முழுகி எழும்புவது போன்ற சத்தம்.

"இதுக்கு என்ன பேர்?" என்றார் சின்னம்மா.

"பேர் இல்லை. இலக்கம் மட்டும்தான் இருக்கு."

"நல்லதாப் போச்சு. பேர் இல்லாட்டி அவருக்கு மறக்கிற கரைச்சலும் இல்லை."

கற்களில் குந்தி, பேணியைத் தண்ணீருக்குள் சரித்தார். சாம்பல் ஒரு கணம் நின்று, வளைந்து, போனது. பேணியை மூன்று முறை அலசினார்.

"திரும்பிப் பாக்காமல் வா," என்றார்.

நான் எதையும் இரண்டாம் முறை பார்த்து உறுதிசெய்கிறவள். அன்று பார்க்கவில்லை. கிறிஸ்ரிக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் போய்த் தேடினோம், ஆளுக்கு 16.60 டொலர், ஏழரை மணித்தியாலம். கிறிஸ்ரியில் ஆற்றுக்கு ஒரு பெயரும் பூங்காவும் புதைத்த பாலமும் இருக்கின்றன. ஸ்ரௌவ்வில் புதுக் குடியிருப்பில் ஒரே மாதிரிக் கராஜ் கதவுகள் மட்டும். அவற்றைத் தாண்டி நடந்தோம். தண்ணீரின் சத்தம் பின்னால் குறைய வேண்டும். குறையவில்லை. ஐம்பது மீற்றருக்கு ஒருமுறை நின்று கேட்டேன். வீட்டு வாசலில், சின்னம்மா கதவைத் திறக்கும்போது, அது எங்கள் காலுக்கு நேர் கீழே இருந்தது.